கேடயமும் ஒப்பாரியும்

சில ஆண்டுகளுக்கு முன், திருவருகைக் காலத்தின் நான்காம் ஞாயிறன்று மாலை, ஆத்தூர்ப் பக்கத்துப் பள்ளித் திடல் ஒன்றில் பங்குகளுக்கிடையேயான கிறிஸ்து பிறப்பு நாடகப் போட்டி நடைபெற்றது. நடுவர் மூவருள் நாமும் ஒருவராக அமர்ந்திருந்தோம். கையில் மதிப்பெண் தாள். கதைக்கு 25, உரையாடலுக்கு 25, நடிப்புக்கு 25, மேடையமைப்புக்கு 15, நேரக் கட்டுப்பாட்டுக்கு 10. நாடகத்தின் எழுத்துப்படியை ஒரு வாரம் முன்னதாகவே ஒப்படைத்துவிட வேண்டும் என்பது விதி.

ஐந்தாவதாக மேடையேறியது நெசவாளர் தெரு ஒன்றிலிருந்து வந்த பெண்கள் குழு. இடையரும் ஞானியரும் வந்து போயினர். அடுத்து, ஏரோதின் ஆணைப்படி பெத்லகேமின் குழந்தைகள் கொல்லப்படும் காட்சி. வாளேந்திய காவலர் எவரும் மேடைக்கு வரவில்லை. விளக்கைத் தணித்தார்கள். மூதாட்டியர் அறுவர் தரையில் வட்டமாக அமர்ந்து, ஒருவர் தோள்மேல் ஒருவர் கைபோட்டுக்கொண்டு, ஒப்பாரி வைக்கத் தொடங்கினார்கள். நம் ஊர்ச் சாவு வீடுகளில் கேட்கும் அதே மெட்டு. தறியும் தொட்டிலும் வற்றிய வாய்க்காலும் அதில் வந்தன. இராமாவில் எழுந்த இராகேலின் அழுகுரலை மத்தேயு நற்செய்தியாளர் எரேமியாவிடமிருந்து எடுத்தாளும் பகுதியை (மத் 2:18) குருமடத்தில் எத்தனையோ முறை படித்திருக்கிறோம். விளக்கவுரைகளையும் மனப்பாடம் செய்திருக்கிறோம். அந்த அழுகை காதில் விழுந்தது அன்றுதான். திடலில் அமர்ந்திருந்த தாய்மார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டனர்.

ஆனால் தாள் தாள்தானே! குழு எட்டு நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொண்டது. எழுத்துப்படி என்று ஒரே ஒரு பக்கம் தந்திருந்தார்கள். ஒப்பாரி இருக்குமிடத்தில் 'பாட்டிமார் அழுவார்கள்' என்று ஒரு வரி. விழாக்கால மேடையில் ஒப்பாரி பொருத்தமில்லை என்றார் உடன் அமர்ந்திருந்த நடுவர் ஒருவர். நாம் மறுக்கவில்லை. தட்டச்சு செய்த படியோடு, திருத்தமான செந்தமிழில், குறித்த நேரத்துக்குள் முடிந்த வேறொரு நாடகத்துக்கு முதல் பரிசு சென்றது. இவர்களுக்கு இரண்டாம் பரிசு.

கூட்டம் கலைந்தபின், அந்த நாடகத்தை அமைத்த கல்லூரி மாணவி நம்மிடம் வந்து, "எது குறை சாமி?" என்று கேட்டாள். மனத்தாங்கலோடு கேட்கவில்லை, தெரிந்துகொள்ளவே கேட்டாள். "எழுத்துப்படி முழுசா இல்லையேம்மா" என்றோம். சரி என்று தலையசைத்துவிட்டுப் போனாள். அந்த விடையே அவர்களுடைய நாடகத்தை மாற்றப்போகிறது என்பது அன்று நமக்குத் தெரியாது. அதைப் பின்னர் சொல்வோம். நாடகத்துக்குப் பரிசளிக்கும் வழக்கம் எங்கே தொடங்கியது, பரிசு பெற்றவையும் பெறாதவையும் பிற்பாடு என்னவாயின என்று தேடிப் படிக்க நம்மைத் தூண்டியது அந்தக் கேள்விதான்.

தேடல் நம்மை முதலில் ஏதென்ஸ் நகருக்கே அழைத்துச் சென்றது. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் அங்கே தியோனிசியா விழாவில் துன்பியல் நாடகப் போட்டி நடந்தது. மூன்று புலவர்கள் போட்டியிடுவர். அந்த மூவர் யார் என்பதை நகர ஆட்சியாளர் ஒருவர் பல மாதங்களுக்கு முன்பே முடிவு செய்துவிடுவார். எனவே முதல் வடிகட்டல் மேடைக்கு வருமுன்னரே நடந்துவிடும். பாடற்குழுவுக்கான செலவைச் செல்வர் ஒருவர் ஏற்பார். நடுவர்களைத் தேர்ந்த முறைதான் சுவையானது. பத்துக் குலங்களிலிருந்தும் பெயர்களை எழுதிப் பத்துக் குடங்களில் இட்டு முத்திரை வைத்துக் காப்பார்கள். விழா நாளில் ஒவ்வொரு குடத்திலிருந்தும் ஒரு பெயர் எடுக்கப்படும். அந்தப் பதின்மரும் நாடகங்களைப் பார்த்துத் தம் தீர்ப்பை எழுதித் தருவர். அந்தப் பத்துத் தீர்ப்புகளிலும் ஐந்தை மட்டுமே கைபோன போக்கில் எடுத்து எண்ணுவர் என்பது அறிஞர் பொதுவாக ஏற்கும் விளக்கம்.

உத்திரமேரூர்க் கல்வெட்டின் குடவோலை முறையை அறிந்த நமக்கு இது அந்நியமாகத் தோன்றாது. யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் தேர்ந்தபோது திருத்தூதர்களும் சீட்டுப் போட்டார்கள் (திப 1:26). சீட்டு என்பது இறைவனுக்கு விடப்பட்ட இடம் என்று பழைய உலகம் கருதியது. கையூட்டுக்கு அடைக்கப்பட்ட வழி என்று ஏதென்ஸ்காரர்கள் சற்று நடைமுறையாகவும் கருதியிருக்கலாம். எப்படியாயினும் ஒன்று உறுதி: அங்கே நடுவர் நாடகத்தைக் கண்டார், கேட்டார், வீட்டில் அமர்ந்து படித்துத் தீர்ப்பிடவில்லை.

அப்படியிருந்தும் தீர்ப்புகள் எப்படி அமைந்தன? சோபோக்கிளிசின் 'ஈடிப்பஸ் மன்னன்' உலக நாடகங்களுள் தலைசிறந்தது என்று அரிஸ்டாட்டில் காலம் தொட்டுப் போற்றப்படுவது. அது இடம்பெற்ற தொகுதி முதல் பரிசு பெறவில்லை. பிலோக்கிளிஸ் என்பவரிடம் தோற்றது. அந்தப் பிலோக்கிளிசின் நாடகம் ஒன்றுகூட இன்று முழுமையாக இல்லை. கி.மு. 431இல் யூரிப்பிடிஸ் 'மீடியா'வை மேடையேற்றினார். மூவர் போட்டியில் மூன்றாம் இடம்; அதாவது கடைசி. கி.மு. 415இல் அவரது 'திராய் நகரப் பெண்கள்' சீனோக்கிளிஸ் என்பவரிடம் தோற்று இரண்டாமிடம் பெற்றது. வென்றவரின் பெயர் இன்று நினைக்கப்படுவதே யூரிப்பிடிசைத் தோற்கடித்தவர் என்பதற்காகத்தான். யூரிப்பிடிஸ் ஏறத்தாழ 90 நாடகங்கள் எழுதினார். வாழ்நாளில் வென்றதோ நான்கே முறை. இறந்தபின் ஐந்தாவது வெற்றி வந்தது.

இதைக் கொண்டு பரிசுகள் யாவும் குருட்டுத்தனமானவை என்று முடிவுகட்டினால் அது அவசரமாகும். சோபோக்கிளிஸ் அதே விழாவில் 18 முறை வென்றவர். ஒருபோதும் கடைசி இடத்துக்குப் போனதில்லை என்கிறார்கள். நடுவர்கள் நல்லதை அறியாதவர்கள் அல்லர். ஒரு மாலைப்பொழுதில் அறியக்கூடியதை அறிந்தார்கள், அவ்வளவே. நாடகம் மறுபடியும் மறுபடியும் ஆடப்படும்போது மட்டுமே தெரியவருவது ஒன்று உண்டு. கி.மு. நான்காம் நூற்றாண்டில் பழைய துன்பியல் நாடகங்களை மீண்டும் மேடையேற்றும் வழக்கம் வந்தபோது, நடிகர்கள் விரும்பி எடுத்தது யூரிப்பிடிசைத்தான். பின்னர் லிக்கூர்கஸ் என்னும் ஆட்சியாளர் மூன்று பெரும் புலவர்களின் நாடகங்களுக்கு அரசுப் படியொன்றை உருவாக்கி, நடிகர் அதை மீறலாகாது எனச் சட்டமியற்றினார். அந்த மூவருள் யூரிப்பிடிசும் ஒருவர். பிலோக்கிளிசும் சீனோக்கிளிசும் அதில் இல்லை. (அந்த அரசுப் படியை எகிப்து மன்னன் தாலமி பதினைந்து தாலந்து பிணைப்பணம் கட்டி இரவல் வாங்கி, பணம் போனால் போகட்டும் என்று மூலத்தையே வைத்துக்கொண்டு நகலைத் திருப்பியனுப்பினான் என்று மருத்துவர் கேலன் எழுதுகிறார். நூல் இரவல் கொடுத்து இழந்தவர்கள் நம்முள்ளும் உண்டு.)

இந்தக் கதையில் நமக்கு, அதாவது கிறிஸ்தவர்களுக்கு, நெருக்கமான கிளைகள் இரண்டு உண்டு. மெனாண்டர் என்னும் இன்பியல் நாடகப் புலவர் நூற்றுக்கும் மேற்பட்ட நாடகங்கள் எழுதி எட்டே முறை வென்றவர். பிலேமோன் என்பவர் அவரை அடிக்கடி வென்றார். தீய கூட்டுறவைப் பற்றிப் புனித பவுல் கொரிந்து மக்களுக்கு எடுத்துக்காட்டும் பழமொழி போன்ற வரி (1 கொரி 15:33) மெனாண்டரின் 'தாயிஸ்' நாடகத்தில் இருந்தது என்பர். அவரும் அதை யூரிப்பிடிசிடமிருந்து பெற்றிருக்கலாம் என்போரும் உண்டு. திருத்தூதர் அந்த வரியை எழுதியபோது அந்த நாடகம் எந்தப் பரிசு பெற்றது என்று கேட்டிருக்கமாட்டார். மக்கள் வாயில் வழங்கியது; எடுத்தாண்டார். ஆனால் நேர்மைக்காக இதையும் சொல்லவேண்டும்: மெனாண்டரின் நாடகங்களில் ஏறத்தாழ முழுமையாக இன்று கிடைப்பது ஒன்றே. எகிப்திய பாப்பிரஸ் சுவடியிலிருந்து 1958இல் அச்சேறிய அந்த நாடகம், கி.மு. 316இல் முதல் பரிசு பெற்றதுதான்!

மற்றொரு கிளை இன்னும் வியப்புக்குரியது. பைசாந்தியக் கிறிஸ்தவர் ஒருவர் இயேசுவின் பாடுகளை நாடகமாக எழுதினார். புனித நசியான்சு கிரகோரியின் பெயரால் நெடுங்காலம் வழங்கிய அந்நூலைப் பதினோராம் அல்லது பன்னிரண்டாம் நூற்றாண்டினது என்று ஆய்வாளர் பலரும் கருதுகின்றனர். அதில் கணிசமான பகுதி யூரிப்பிடிசின் வரிகளை எடுத்துக் கோத்தது. தொடக்கத்தில் கன்னி மரியா பேசும் புலம்பல், 'மீடியா' நாடகத்தின் தொடக்க வரிகளை மாற்றியமைத்தது. மூவருள் கடைசியாக வந்த நாடகம், ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கும் அப்பால், சிலுவைப் பாதையில் நின்ற தாய்க்குச் சொல் தந்தது.

இங்கே குருமடத்தில் படித்த ஒன்று நினைவுக்கு வருகிறது. விவிலியத் திருமுறை எப்படி உருவாயிற்று? ஒரு குழு கூடி, வந்த நூல்களுக்கு மதிப்பெண் இட்டுத் தேர்ந்ததாகப் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். நடந்தது வேறு. திருத்தூதர்களின் மரபோடு இசைந்து, தலத் திருச்சபைகளின் வழிபாட்டில் வாசிக்கப்பட்டுவந்த நூல்களைத் திருச்சபை படிப்படியாகத் தன்னுடையவை என்று அறிந்துகொண்டது. திரிதெந்தின் பொதுச்சங்கம் முறைப்படி வரையறுத்தது 1546இல்தான். அதற்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகள் மக்கள் அவற்றை வாசித்துச் செபித்திருந்தனர். இறையேவுதல் பெற்ற நூலையும் மேடை நாடகத்தையும் ஒரே தட்டில் வைக்கிறோம் என்று எவரும் கோபிக்க வேண்டாம். முடிவுக்கு முன் புழக்கம் இருந்தது என்ற ஒரு செய்திக்காகவே இதைச் சொன்னோம்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1891ஆம் ஆண்டு தமிழ் நாடகத்துக்கு இரட்டைப் பிறப்பின் ஆண்டு. பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளையின் 'மனோன்மணீயம்' அவ்வாண்டில் அச்சேறியது. பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபையும் அவ்வாண்டில்தான் தோன்றியது. ஒன்று படிப்பதற்கான நாடகம். மற்றது நடிப்பதற்கான சபை. இரண்டும் ஒன்றையொன்று அதிகம் சந்தித்துக்கொள்ளவில்லை. மதுரைப் பக்கமோ சங்கரதாஸ் சுவாமிகளின் உலகம். அவர் 1922இல் மறையும்வரை எழுதிக் குவித்த நாடகங்களுக்கு நடுவர் குழு என்பது கொட்டகையில் விடியவிடிய அமர்ந்திருந்த கூட்டந்தான். பிடிக்காவிட்டால் எழுந்து போய்விடும்.

அந்தச் சுவாமிகளின் பிள்ளைகள் நாடகக் குழுவில் வளர்ந்தவர்கள் டி.கே.எஸ். சகோதரர்கள். 1944 பிப்ரவரியில் ஈரோட்டில் நாடகக் கலை வளர்ச்சிக்கென மாநாடு கூட்டியவர்கள். புதிய நாடகாசிரியர்களைத் தேடி அவர்கள் நடத்திய நாடகப் போட்டியைத்தான் நம் தேடலுக்கு மிகப் பொருத்தமான தமிழ்ச் சான்றாக நாம் கருதுகிறோம். அப்போட்டியில் பரிசு பெற்றது அரு. ராமநாதனின் 'இராஜராஜ சோழன்'. பரிசளித்தவர்களே நடிகர்கள், தேர்ந்தெடுத்தால் தாமே நடிக்கவேண்டும். இந்த வசனத்தைப் பேசினால் மூச்சு நிற்குமா, இந்தக் காட்சிக்குப் பின் உடை மாற்ற நேரம் இருக்குமா, கடைசி வரிசையில் தரையில் இருப்பவனுக்குக் கேட்குமா என்றெல்லாம் அவர்களுக்குப் படிக்கும்போதே தெரியும். 1955இல் அந்நாடகம் மேடையேறியது. ஊர் ஊராக ஆடப்பட்டது. அதே குழுவில் முன்னர் நடித்து வளர்ந்த ஏ.பி. நாகராஜன் 1973இல் அதைத் திரைப்படமாக்கினார். தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் அது. ஒரு போட்டிக்கு அனுப்பப்பட்ட கையெழுத்துப்படி அத்தனை தூரம் நடந்து போயிற்று.

வேறுவகை நடுவர்களும் நாட்டுக்கு வந்தார்கள். 1954இல் தில்லியில் சாகித்திய அகாதெமி தொடங்கப்பட்டது; 1955 முதல் மொழிதோறும் ஆண்டுக்கொரு நூலுக்குப் பரிசு. அதன் முறை பெரிதும் படிப்பவர்களின் முறை. நூல் அச்சில் வந்திருக்கவேண்டும். குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் முதல் பதிப்பாக வெளிவந்திருக்கவேண்டும். பட்டியல் தயாரித்து, பரிந்துரைகள் பெற்று, இறுதியில் மூவர் கொண்ட நடுவர் குழு முடிவு செய்யும். நாவலுக்கும் கவிதைக்கும் ஆய்வுக்கும் இதில் குறையில்லை. நாடகத்துக்கு? 1955 முதல் 2024 வரையான எழுபது ஆண்டுகளில் தமிழில் அந்தப் பரிசு நாடகம் ஒன்றுக்குக் கிடைத்தது ஒரே முறைதான். 1969ஆம் ஆண்டுக்கான பரிசு, பாரதிதாசனின் 'பிசிராந்தையார்'.

பாவேந்தர் 1964 ஏப்ரலிலேயே மறைந்துவிட்டார். நூல் அவர் மறைவுக்குப்பின் வெளிவந்தது. வாழ்நாளெல்லாம் கவிஞராக அறியப்பட்டவருக்கு நாட்டின் பெரும் இலக்கியப் பரிசு கவிதைக்காக வரவில்லை. இறந்தபின் நாடகத்துக்காக வந்தது. அவர் கவிஞர் அல்லர் என்று எவரும் தீர்மானித்ததால் அன்று. குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் அச்சான நூல் எது என்று விதி கேட்டது. அந்த வலையில் 'பிசிராந்தையார்' விழுந்தது. கோப்பெருஞ்சோழனுக்கும் பாண்டிநாட்டுப் புலவருக்கும் இடையே, ஒருவரையொருவர் காணாமலே வளர்ந்து, வடக்கிருந்து உயிர்விடும் இடத்தில் கூடிய அந்த நட்பு நெஞ்சை உருக்குவது, ஐயமில்லை. ஆயினும் பரிசுக்குப்பின் அந்நாடகத்தின் வாழ்வு பெரும்பாலும் கல்லூரி வகுப்பறையில் கழிந்தது. பாத்திரப் படைப்பை விளக்குக, ஐந்து மதிப்பெண்! இதே பாரதிதாசன் எழுதிய 'இரணியன் அல்லது இணையற்ற வீரன்' 1934இல் பெரியார் தலைமையில் சென்னையில் மேடையேறியது. பிற்பாடு அரசின் தடைக்கும் உள்ளாயிற்று. அதன் கருத்தோடு நாம் உடன்படுகிறோமா என்பது வேறு பேச்சு. அதைத் தடுக்கவேண்டும் என்று ஓர் அரசுக்குத் தோன்றும் அளவு அது மேடையில் உயிரோடு இருந்தது. 'பிசிராந்தையாரை' எவரும் தடுக்கவேண்டியிருக்கவில்லை.

பின்னர் வந்த பெரும்பரிசு, பிர்லா அறக்கட்டளையின் சரஸ்வதி சம்மான். 1999ஆம் ஆண்டுக்கான அப்பரிசு இந்திரா பார்த்தசாரதியின் 'இராமானுசர்' நாடகத்துக்குக் கிடைத்தது. பல மொழிகளிலிருந்து வந்த நூல்களோடு நின்று ஒரு தமிழ் நாடகம் வென்றது. அதே ஆசிரியர் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது 1977இல், 'குருதிப்புனல்' நாவலுக்கு. 'மழை', 'நந்தன் கதை', 'ஔரங்கசீப்' என அவர் எழுதிய நாடகங்களை மேடைக்குழுக்கள் தேடி எடுத்துக்கொண்டன. சங்கீத நாடக அகாதெமி 2004இல் அவரை நாடகாசிரியராகச் சிறப்பித்தது. நூலைப் படிக்கும் அகாதெமி அவரை நாவலாசிரியராகவும், மேடையைப் பார்க்கும் அகாதெமி அவரை நாடகாசிரியராகவும் கண்டது என்று சொல்லலாமா? முழுவதும் சரியாகாது. ஆனால் முற்றிலும் பிழையும் ஆகாது.

நம் நாட்டில் மட்டுந்தான் இப்படி என்று எண்ணவேண்டாம். அமெரிக்காவின் புலிட்சர் பரிசில், 1963இல் நாடக நடுவர் இருவரும் எட்வர்டு ஆல்பியின் 'வர்ஜீனியா உல்ஃபைக் கண்டு யாருக்குப் பயம்?' என்ற நாடகத்தைப் பரிந்துரைத்தனர். அதன் பேச்சும் பொருளும் தகாதவை என்று மேற்குழுவில் பலர் கருதினர், பரிந்துரை தள்ளப்பட்டது. அவ்வாண்டு நாடகத்துக்குப் பரிசே இல்லை. நடுவர் இருவரும் பதவி விலகினார்கள். 1967இல் அதே ஆசிரியரின் வேறொரு நாடகத்துக்கு அப்பரிசு தரப்பட்டது. தள்ளப்பட்டதே இன்றும் உலகெங்கும் நடிக்கப்படுகிறது. மேடைக்குப் பொருந்தாத பேச்சு என்ற அந்தத் தீர்ப்பைப் படித்தபோது, பள்ளித் திடலில் மறுப்புச் சொல்லாமல் நாம் தலையாட்டியது நினைவுக்கு வந்து உறுத்தியது.

அப்படியானால் எழுத்துப்படி கேட்டதே தவறா? அதையும் எளிதாகச் சொல்லிவிட முடியாது. இலங்கையின் மன்னார்ப் பகுதிக் கத்தோலிக்கர் தலைமுறை தலைமுறையாக ஆடிவந்த நாடகங்களைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் ஏட்டிலிருந்து பெற்று அச்சிடச் செய்தார். 'மூவிராசாக்கள் நாடகம்' 1966இலும் 'ஞானசௌந்தரி நாடகம்' 1967இலும் நூலாயின. அதன்பின் அந்நாட்டு மக்கள் பட்ட பாட்டையும் இடப்பெயர்வையும் நினைத்தால், அந்த அச்சுப்படிகள் எத்தனை பெரிய காப்பு என்பது விளங்கும். ஆனால் அவரே பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலிய கூத்துகளை மேடையேற்றியபோது, விடிய விடிய ஆடிய கூத்தை நகரத்து அரங்குக்கேற்ப ஓரிரு மணி நேரத்துக்குள் சுருக்கவேண்டியிருந்தது. காத்ததும் அவர், கத்தரித்ததும் அவர். இரண்டையும் அன்போடுதான் செய்தார்.

இத்தனை தூரம் அலைந்து திரும்பிய நமக்கு, தேடிய பொருளின் ஒரு பாதி நம் ஆத்தூர் வட்டாரத்திலேயே இருந்தது என்பது பிந்தித் தெரிந்தது. சின்னாளபட்டியை ஒட்டி, சிறுமலை பார்த்திருக்கும் காந்திகிராமத்தில் 1977இல் எழுபது நாள் நாடகப் பயிற்சிப் பட்டறை ஒன்று நடந்தது. தில்லி தேசிய நாடகப் பள்ளியில் பயின்று, காந்திகிராமத்தில் ஆசிரியராக இருந்த சே. இராமானுஜம் அதில் முதன்மையானவர், கேரளத்திலிருந்து ஜி. சங்கரப் பிள்ளையும் துணைநின்றார். அங்கே கேடயம் இல்லை. முதலிடம் இரண்டாமிடம் இல்லை. உடலை, குரலை, நம் ஊர்க் கலைகளைப் புதிதாகப் பார்க்கக் கற்றார்கள். தமிழ் நவீன நாடகத்தின் வரலாற்றை எழுதுவோர் எவரும் அந்த எழுபது நாள்களைத் தாண்டிப் போவதில்லை. மறு ஆண்டிலேயே மதுரையில் மு. இராமசுவாமியின் நிஜ நாடக இயக்கம் தோன்றியது. நாம் திண்டுக்கல் பேருந்தில் காந்திகிராம நிறுத்தத்தைக் கடந்துபோன தடவைகளுக்குக் கணக்கில்லை. ஒருமுறையும் நமக்கு இது தெரிந்திருக்கவில்லை.

இராமானுஜம் பின்னர்த் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அங்கிருந்த காலத்தில் அவர் உருவாக்கிய நாடகங்களுள் புகழ்பெற்றது 'வெறியாட்டம்'. அதன் மூலம் எது தெரியுமா? கி.மு. 415இல் சீனோக்கிளிசிடம் தோற்றதே, யூரிப்பிடிசின் அந்தத் 'திராய் நகரப் பெண்கள்'. நகரம் எரிந்து, ஆடவர் மாண்டு, குழந்தையையும் பறிகொடுத்த பெண்கள் புலம்பும் நாடகம். கிரேக்கப் பாடற்குழுவின் புலம்பலுக்குத் தமிழில் எந்த வடிவம் தருவது? அவர் ஒப்பாரியை எடுத்தார்.

இதைப் படித்த இரவு நமக்கு உறக்கம் பிடிக்கவில்லை. ஒரு பேராசான் பல்லாண்டுப் பயிற்சிக்குப்பின் சென்றடைந்த இடத்துக்கு, நெசவாளர் தெருவின் பாட்டிமார், எவரும் சொல்லித்தராமல், பெத்லகேமின் குழந்தைகளுக்காகத் தாமே வந்து சேர்ந்திருந்தார்கள். அதற்கு நாம் உரையாடலில் 25க்கு 11 போட்டோம்.

விட்ட கதையை இப்போது சொல்லவேண்டும். மறு ஆண்டும் போட்டி நடந்தது, நாமே நடுவர். அந்த மாணவி முழு எழுத்துப்படியோடு வந்தாள். தட்டச்சு செய்து, ஓரம் தைத்து, முன்பக்கத்தில் குழந்தை இயேசு படம் ஒட்டியிருந்தது. அதே கதை. ஆனால் பாட்டிமார் இல்லை. குழந்தைகள் கொல்லப்படும் காட்சிக்குப் பதிலாக ஏரோதும் அவன் அமைச்சனும் அடுக்குமொழியில் வாதிட்டார்கள். நேரம் பிசகவில்லை. ஒப்பாரி எங்கே என்று கேட்க வாயெடுத்து அடக்கிக்கொண்டோம். தாளின்படி முதல் பரிசு அவர்களுக்கே வந்தது. கேடயத்தை மேடையில் நின்று நம் கையாலேயே கொடுத்தோம். அவள் முகத்தில் அத்தனை மகிழ்ச்சி. அடுத்தடுத்த ஆண்டுகளில் மற்றக் குழுக்களும் அந்த அடுக்குமொழி அமைச்சனைத் தத்தம் நாடகத்தில் சேர்த்துக்கொண்டன. எந்த நாடகம் எந்த ஊரினது என்று இப்போதெல்லாம் நமக்கே குழம்புகிறது.

அந்த அறுவரில் இருவர் காலமாகிவிட்டனர். ஒருவருடைய அடக்கத் திருப்பலியை நாமே நிறைவேற்றினோம். வீட்டு வாசலில் மற்ற நால்வரும் வட்டமாக அமர்ந்திருந்தார்கள். மெட்டு அதே மெட்டுதான்.

இவ்வாண்டு போட்டிக்கான கூட்டத்தில் மதிப்பெண் தாளை மாற்றக் கேட்டோம். எழுத்துப்படி விதி நீங்கியது. நேரத்துக்கான பத்து மதிப்பெண் நீடிக்கிறது, அதற்குமேல் பங்குப் பேரவையினர் இசையவில்லை. நடுவர் ஒவ்வொரு குழுவின் ஒத்திகையையும் அந்தந்த ஊருக்கே போய் ஒருமுறை பார்க்கவேண்டும் என்று சேர்த்திருக்கிறோம். கார்த்திகை மாதத்து மழையில் அது எப்படி முடியும் என்று உதவிப் பங்குத்தந்தை கேட்கிறார்; நியாயமான கேள்விதான். சென்ற வாரம் நெசவாளர் தெருவுக்குச் சென்று, நால்வருள் மூத்தவரைப் பார்த்து, இம்முறை மேடையில் நீங்கள் பாடவேண்டும் என்று கேட்டோம். பாட்டி தார் சுற்றிக்கொண்டிருந்தவர், கை நிறுத்தாமலே நிமிர்ந்து பார்த்தார்.

"அன்னைக்கு வேண்டாமின்னீங்க. இப்ப தொண்டை இருக்கோ என்னமோ, பார்ப்போம் சாமி."